முறைப்படி காணாமல் போனவர்

ஐஸ்காரர் பதினோரு வருஷமாகக் கடலோரக் காவல் படையை நம்பிவந்தார். சாமியைக்கூட அவர் இத்தனை வருஷம் இடைவெளி விடாமல் நம்பியதில்லை.

அதற்குக் காரணம் ஒரு நாற்காலி. மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே ஐஸ் ஃபேக்டரியில் பனிக்கட்டிப் பார் சுமப்பவர் அவர். முதுகில் ஈரச்சாக்கு, கையில் கொக்கி. நடந்தால் பின்னால் ஒரு தண்ணீர்க் கோடு வரும். அதனால் எந்த ஆபீசுக்குப் போனாலும் "அங்கேயே நின்னு சொல்லுப்பா" என்பார்கள். ஆஸ்பத்திரியில் அப்படி, பள்ளிக்கூடத்தில் அப்படி. கடலோரக் காவல் படை ஆபீசில்தான் முதல்முதலாக ஒரு அதிகாரி எழுந்து நின்று, "வாங்க தோழர், உட்காருங்க" என்றார். ஐஸ்காரர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அவருக்குக் 'கடல்தோழர்' என்று பட்டம் கொடுத்தார்கள். தினமும் ஐஸ் வேலை முடிந்ததும் மூன்று மணிக்கு வந்து, 'தோழர் அறை' என்று எழுதிய அறையில் ஒயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்காரவேண்டும். கடலில் இருக்கிற படகுகளோடு பேசவேண்டும். அவர்கள் சொல்வதை அதிகாரியிடம் சொல்லவேண்டும். அதிகாரி சொல்வதை அவர்களிடம் சொல்லவேண்டும்.

அதிகாரி நேராகப் பேசக்கூடாதா என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டார். எழுத்தர் பொறுமையாக விளக்கினார். அதிகாரி வாயிலிருந்து வந்தால் அது ஆணை. ஆணை எழுத்தில் இருக்கவேண்டும். நடுக்கடலில் இருப்பவனிடம் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வசதி இல்லை. தோழர் வாயிலிருந்து வந்தால் அது அன்பான ஆலோசனை. அன்புக்குக் கையெழுத்து வேண்டியதில்லை.

இது ஐஸ்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது.

படையில் நான்கு பிரிவுகள். கண்காணிப்புப் பிரிவு பார்க்கும். தேடல் பிரிவு தேடும். கண்டறிதல் பிரிவு கண்டறியும். மீட்புப் பிரிவு மீட்கும். ஒருவர் வேலையில் இன்னொருவர் கைவைப்பது ஒழுங்கீனம். தேடப் போனவர் தப்பித்தவறிக் கண்டறிந்துவிட்டால் விளக்கம் எழுதித் தரவேண்டும். தேடல் படகில் போன ஒருவர் தண்ணீரில் தத்தளித்த ஆளைக் கையைப் பிடித்துத் தூக்கிப்போட்டுவிட்டார். அவருடைய பதவி உயர்வு அதோடு நின்றுபோயிற்று. தூக்கப்பட்ட ஆள் சும்மா இருந்திருக்கலாம். நன்றி சொல்ல ஆபீசுக்கே வந்துவிட்டான். அப்படித்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

அன்று மூன்று மணிக்கு ஐஸ்காரர் உட்கார்ந்ததும் பெட்டியில் அவருடைய தங்கச்சி புருஷன் குரல் வந்தது.

"மச்சான், இருக்கியா?"

"சொல்லு மாப்ள."

"கியர் பல்லு போயிடுச்சு. இன்ஜின் ஓடுது, காத்தாடி சுத்தல. பதினாலு மைல்ல கிடக்கேன். பயமெல்லாம் இல்ல. தெக்கே நல்ல நீரோட்டம், கரைப்பக்கமா வளைஞ்சு போவுது. கையக் காலக் கட்டிக்கிட்டு இப்படியே கிடந்தா நாளைக்கு மத்தியானம் முனைகிட்ட கொண்டுபோய் விட்டுடும். ராத்திரிக்கு எனக்கு உலை வைக்க வேணாம்னு அவகிட்ட சொல்லிடு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

இதைத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டு ஐஸ்காரர் தன் ஜோலியைப் பார்த்திருக்கலாம். ஆனால் பதினோரு வருஷத்தில் முதல்முறையாகச் சொந்தத்தில் ஒருவனுக்குப் படையின் உதவி தேவைப்பட்டிருக்கிறது. தன் செல்வாக்கை வீட்டாருக்குக் காட்ட இன்னொரு சந்தர்ப்பம் எப்போது வரும்? எழுந்து நேராக அதிகாரி அறைக்குப் போனார்.

அதிகாரி நல்ல மனிதர். அவருடைய வெள்ளை உடுப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. கடலுக்குள் போனதில்லை என்பதால் உப்புக்கறையும் இருக்காது.

"உங்க மாப்பிள்ளைன்னா எங்க மாப்பிள்ளை, தோழர்," என்றார். "பதிவு பண்ணிடுவோம். பதிவு பண்ணியாச்சுன்னா அப்புறம் அவர் எங்க பொறுப்பு. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

எழுத்தர் பதிவு செய்தார். பிறகு சுவரிலிருந்த வரைபடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தினார். குத்தியவர் முகம் மாறியது. குண்டூசிக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழாம் மண்டலம், அந்தப் பக்கம் எட்டாம் மண்டலம்.

"இவர் தெக்கே போயிட்டிருக்காருன்னா சாயங்காலத்துக்குள்ள கோட்டைத் தாண்டிடுவாரே ஐயா," என்றார் எழுத்தர். "தாண்டினா கோப்பும் எட்டாம் மண்டலத்துக்குப் போகணும். கோப்பு ரோட்டு வழியா மூணு நாள்ல போவும். இவர் தண்ணி வழியா மூணு மணி நேரத்துல போயிடுவாரு. கோப்பு வராம ஆள் மட்டும் வந்தா, அங்க இவரை யாருன்னு கேப்பாங்க?"

அதிகாரி யோசித்தார். "ஒரே வழிதான். நகராம இருக்கச் சொல்லணும்."

மூவரும் தோழர் அறைக்கு வந்தார்கள். ஐஸ்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அவர் தோளில் கை வைத்துக்கொண்டு, காதில் மெதுவாகச் சொன்னார். ஐஸ்காரர் அதை உரக்கச் சொன்னார்.

"மாப்ள, நங்கூரம் போடு."

பெட்டி கொஞ்ச நேரம் இரைந்தது. "எதுக்கு?"

"இருந்த இடத்துலயே இருக்கணுமாம்."

"வீட்டு வாசல்ல இறக்கி விடற வண்டியிலேர்ந்து நடுவழியில குதிக்கச் சொல்றியே மச்சான். ஓட்டம் என்னைக் கரைக்குத்தானே தூக்கிட்டுப் போவுது? தண்ணி வேற அரை கேன்தான் இருக்கு."

"படை சொல்லுது மாப்ள."

"படையக் கேக்கல. நீ என்ன சொல்றே?"

தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது. "போடு," என்றார் ஐஸ்காரர்.

பத்தொன்பது பாகம் நீள நங்கூரக்கயிறு படகு விளிம்பில் உரசிக்கொண்டு இறங்குகிற சத்தம் பெட்டி வழியாகக் கேட்டது. எழுத்தர் குண்டூசியை இன்னும் கொஞ்சம் அழுத்திக் குத்திவிட்டு வந்தார்.

ஐஸ்காரர் கரைக்கு வந்தபோது, கட்டைக்குரல் என்று ஊர் கூப்பிடும் மீனவன் தன் படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தக் கரையிலேயே பெரிய இன்ஜின் அவனுடையதுதான். பக்கத்தில் ஐஸ்காரரின் தங்கச்சி நின்றிருந்தாள். சேதி எப்படியோ வந்துவிட்டிருந்தது.

"நவுரு ஐசு," என்றான் கட்டைக்குரல். "ரெண்டு மணி நேரத்துல கட்டி இழுத்துட்டு வந்துடறேன்."

ஐஸ்காரர் படகின் மூக்குக்கு முன்னால், இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றுகொண்டார். "பதிவாயிடுச்சு. பதிவான ஆளை வெளியாள் தொட்டா கேசு. படையே கிளம்புது."

"அவன் என்ன ரயில்ல மறந்துட்டுப் போன பெட்டியா, வேற எவனும் தொடக்கூடாதுன்னு சொல்ல?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. அங்க எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"எனக்கும் ஒரு முறை இருக்கு. போவேன், கட்டுவேன், இழுப்பேன்."

இரண்டு பேரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவள் கடலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "அண்ணனுக்கு அங்க நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்காங்க," என்றாள் கட்டைக்குரலிடம். "தெரியாமலா சொல்லும்? விடுங்க. அது சொல்றபடியே செய்வோம்."

கட்டைக்குரல் படகை மேலே ஏற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனான். ஐஸ்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில் அதிகாரி அவரைக் கோபுரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு திரையில் பச்சைப் புள்ளி ஒன்று அசையாமல் இருந்தது.

"உங்க மாப்பிள்ளை," என்றார் அதிகாரி. "கண்காணிப்புப் பிரிவு அவரைப் பார்த்துடுச்சு."

"ரொம்ப சந்தோஷம் ஐயா. எப்போ கிளம்பறாங்க?"

"யாரு?"

"கூட்டிட்டு வர்றவங்க."

அதிகாரி அவரை உட்காரவைத்தார். மீட்புப் பிரிவு கிளம்பவேண்டும் என்றால் கண்டறிதல் பிரிவு கண்டறிந்திருக்கவேண்டும். கண்டறியவேண்டும் என்றால் தேடல் பிரிவு தேடியிருக்கவேண்டும். தேடவேண்டும் என்றால் ஆள் காணாமல் போயிருக்கவேண்டும்.

"உங்க மாப்பிள்ளை காணாமப் போகல," என்றார் அதிகாரி. "அங்கேதான் சிக்கல். எங்கே இருக்காருன்னு எல்லாருக்கும் தெரியுது. அவரே ஒயர்லெஸ்ல சொல்லிட்டிருக்காரு. தெரிஞ்ச ஆளை நான் எப்படித் தேடச் சொல்வேன்? மேலிடத்துல சிரிப்பாங்க."

"அப்ப என்னங்க பண்றது?"

"கொஞ்சம் ஒத்துழைக்கச் சொல்லுங்க. இருபத்துநாலு மணி நேரம் அவர்கிட்டேர்ந்து தகவல் வராம இருந்தாப் போதும். முறைப்படி காணாமப் போயிடுவாரு. அந்த நிமிஷமே தேடல் பிரிவு கிளம்பிடும்."

ஐஸ்காரருக்கு இது கொஞ்சம் இடித்தது. ஆனால் சொல்கிறவர் வெள்ளை உடுப்பில் இருக்கிறார். கேட்கிறவர் ஈரச்சாக்கோடு இருக்கிறார். இந்த இருவரில் யாருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. தோழர் அறைக்குப் போனார். அதிகாரியும் கூடவே வந்து நின்றார்.

மாப்பிள்ளையின் குரல் தடித்திருந்தது. தண்ணீர் இரண்டு டம்ளர்தான் மிச்சம் என்றார். வெயில் கண்ணைத் தின்கிறது, வலையைத் தலைமேல் போட்டுக்கொண்டு கிடக்கிறேன் என்றார். பெட்டியை அணைத்துவிடச் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார். கடைசியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ஐஸ்காரர் ஓவர்டைம் பார்த்தார். நாற்பது பார் அடித்து நொறுக்கிப் பெட்டிகளில் கொட்டினார். உருகிய தண்ணீர் அவர் காலடியில் ஓடி வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. ஒருமுறை குனிந்து அதைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்தரைக்கு மாப்பிள்ளை முறைப்படி காணாமல் போனார். எழுத்தர் முத்திரை குத்தினார். வரைபடத்திலிருந்த குண்டூசியைப் பிடுங்கி டப்பியில் போட்டார்.

"ஏங்க அதை எடுக்கறீங்க?" என்றார் ஐஸ்காரர்.

"காணாமப் போனவருக்கு ஏதுங்க இடம்?"

ஏழாம் மண்டலம் நூற்றிருபது கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தேடல் வடமேற்கு மூலையில் முதல் கட்டத்தில் தொடங்கும். ஒரு நாளைக்கு எட்டுக் கட்டம். பிடுங்கிய குண்டூசியின் ஓட்டை எழுபத்து மூன்றாவது கட்டத்தில் இருந்தது. ஐஸ்காரர் விரலைக் கொண்டுபோய் அந்த ஓட்டையின் மேல் வைத்தார்.

"இங்கேதாங்க இருக்காரு. நங்கூரம் போட்டிருக்காரு. நாமதானே போடச் சொன்னோம்?"

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்படிச் சொல்லாதீங்க தோழர். இடம் தெரியும்னு நீங்க எழுதிக் குடுத்தா அவர் காணாமப் போனது ரத்தாயிடும். மறுபடி மொதல்லேர்ந்து வரணும். பாவம், அவர் எத்தனை தடவைதான் காணாமப் போவாரு?"

தேடல் கப்பல் அன்று மூன்று கட்டம் தேடிவிட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டது. அன்று படையின் ஆண்டு விழா. அதற்குக் கப்பல் துறையில் நின்றாகவேண்டும். கப்பலில் வர்ணக்கொடிகள் கட்டினார்கள். கடல்தோழர்களுக்கு முன்வரிசையில் இடம். அதிகாரி பேசினார்.

"ஏழாம் மண்டலத்தில் கடந்த ஒன்பது ஆண்டுகளில் நாம் மீட்ட ஒருவர்கூட இறந்ததில்லை. இறந்த ஒருவரைக்கூட நாம் மீட்டதுமில்லை. இந்தத் தூய்மையை வேறு எந்த மண்டலமும் எட்டவில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்கிறார்கள். அவசரப்படாமைதான் காரணம். அவசரப்பட்டுப் போகிறவன் அவசரமான நிலையில் உள்ளவனைத்தான் சந்திக்கிறான். அதனால் புள்ளிவிவரம் கெடுகிறது. நம் படையின் கப்பல்களைப் பாருங்கள். பதினாறு ஆண்டுகளில் ஒன்றுக்குக்கூடக் கீறல் விழவில்லை. கடலிலிருந்து கப்பல்களைக் காப்பதே முதல் கடமை. அவை இருந்தால்தானே மனிதர்களைக் காக்க முடியும்? இதோ முன்வரிசையில் நம் தோழர் அமர்ந்திருக்கிறார். அவருடைய சொந்த மைத்துனரே காணாமல் போயிருக்கிறார். ஆனாலும் எவ்வளவு அமைதியாக இருக்கிறார் பாருங்கள். இந்த நம்பிக்கைதான் நம் கப்பல்களுக்கு எரிபொருள்."

எல்லோரும் திரும்பி ஐஸ்காரரைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஐஸ்காரர் எழுந்து கும்பிட்டார். உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

நான்காம் நாள் விடிந்ததும் அவர் வேலைக்குப் போகவில்லை. கட்டைக்குரல் வீட்டுக்குப் போனார். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"படகை எடு," என்றார்.

கட்டைக்குரல் வாயைக் கொப்பளித்தான். "முறை?"

"எடுடா."

ஐஸ்காரரும் கூடப் போனார். தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. போட்டது போட்டபடி நங்கூரக்கயிறு விறைத்து நிற்க, படகு எழுபத்து மூன்றாம் கட்டத்தில் கிடந்தது. மாப்பிள்ளை வலைக்கடியில் சுருண்டு கிடந்தார். உதடு வெடித்து, நாக்கு வாய்க்குள் அடங்காமல் இருந்தது. கண் திறந்திருந்தது, ஐஸ்காரரைப் பார்த்ததா என்று சொல்வதற்கில்லை. கயிற்றை அறுக்கக் கத்தி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அவர் அறுக்கவில்லை. ஒயர்லெஸ் பெட்டி அணைத்தபடியே இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தார். கட்டைக்குரல் துணியை நனைத்து அவர் வாயில் பிழிந்தான். தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாய் வழியாக வழிந்தது.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் செத்துப்போனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு படை ஒரு விசாரணை வைத்தது. சாவைப் பற்றி அல்ல. சாவு தரையில் நடந்திருந்தது. தரை படையின் எல்லைக்குள் வராது. அனுமதி இல்லாமல் மீட்டதற்காகக் கட்டைக்குரல் மேல் விசாரணை. விஷயம் முழுதாகத் தெரிந்தவர் என்பதால் அதிகாரியே தலைமை வகித்தார். ஐஸ்காரர் சாட்சி. தங்கச்சியையும் கூப்பிட்டிருந்தார்கள், மீட்கப்பட்டவர் சார்பாக யாராவது கையெழுத்துப் போடவேண்டுமே.

"அந்த ஆளைத் தேடற பணி சிறப்பா நடந்துட்டிருந்தது," என்றார் அதிகாரி. "நீங்க குறுக்க புகுந்ததால நூத்தி பதினேழு கட்டம் தேடப்படாமலே போச்சு. இதுக்கு என்ன பதில்?"

"மன்னிச்சுக்குங்க," என்றான் கட்டைக்குரல். "அடுத்த தடவை எல்லாக் கட்டத்தையும் சுத்திட்டு வந்து எடுக்கறேன்."

ஐஸ்காரர் எழுந்தார். அவர் பேசுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஓட்டத்துல விட்டிருந்தா மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருப்பாரு," என்றார். "நங்கூரம் போடச் சொன்னது நீங்க. பெட்டிய அணைக்கச் சொன்னதும் நீங்க."

அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. வருத்தமாகத்தான் பார்த்தார். "நானா தோழர்? படகுகளோட நான் பேசறதே இல்லையே. எல்லாப் பேச்சும் பதிவாகுது. போட்டுக் கேப்போமே."

எழுத்தர் பதிவுக்கருவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து முடுக்கினார். பெட்டியின் இரைச்சல் வந்தது. பிறகு ஐஸ்காரரின் குரல்: நங்கூரம் போடு. ஐஸ்காரரின் குரல்: பெட்டிய அணைச்சு வை மாப்ள. காதுக்குள் சொல்லப்பட்டது எதுவும் அதில் இல்லை. தோளில் இருந்த கையும் இல்லை.

"இதுல என் குரல் இருக்கா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க."

"யார் குரல்?"

"என்னுது."

கருவி ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் குரல் வந்தது. தடித்து, தண்ணீர் கேட்கிற குரல். "நிஜமாவே வர்றாங்களா மச்சான்?" உடனே, கொஞ்சமும் தயங்காமல், ஐஸ்காரரின் குரல்: "கிளம்பிட்டாங்க மாப்ள. என் கண்ணால பார்த்தேன். இப்போ வந்துடுவாங்க, நீ தைரியமா அணை." அதன் பிறகு அந்த 'டொக்'.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"கிளம்பிட்டாங்கன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா தோழர்?"

ஐஸ்காரர் யோசித்துப் பார்த்தார். காதுக்குள் அப்படி யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பயப்படுகிறானே என்று அவராகச் சேர்த்துச் சொன்னது அது. அந்த அறையில் அன்று பேசியதிலேயே அந்த ஒன்றுதான் அவருடைய சொந்தப் பேச்சு.

"யாரும் சொல்லல," என்றார். "நானாத்தான் சொன்னேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். நீளமான வாக்கியம், மெதுவாக எழுதினார். கட்டைக்குரல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தங்கச்சி எழுந்தாள். அண்ணனிடம் வருவாள் என்று ஐஸ்காரர் நினைத்தார். அறைந்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தார். அவள் அவரைத் தாண்டி எழுத்தரின் மேஜைக்குப் போனாள்.

"ஐயா, இன்னொரு தடவை போடுவீங்களா?"

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். எழுத்தர் பின்னுக்குத் தள்ளி மறுபடி முடுக்கினார். இரைச்சல் வந்தது. தங்கச்சி மேஜையில் கையை ஊன்றிக் குனிந்துகொண்டாள்.

"அவர் கேக்கறதோட நிறுத்திடுங்கய்யா," என்றாள். "அதுக்கு மேல வேணாம்."

"நிஜமாவே வர்றாங்களா மச்சான்?"

எழுத்தர் நிறுத்தினார்.